கம்ப்யூட்டர் எடுக்காத கேமரா

செப்டம்பர் 22, திங்கள்

இன்று மூன்றாவது முறையாகக் கேட்டேன். "கம்ப்யூட்டரு கேமராவ எடுக்க மாட்டேங்கு" என்றார் இவர். மூன்று முறையும் அதே வார்த்தை, அதே முகம். பொய் சொல்லும்போது இவருடைய இடது கை தானாகப் போய்க் காதைத் தடவும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். இன்றும் தடவினார்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் செண்பாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். மண்டபத்தில் பெரிய திரை வைத்து, பெண் மாப்பிள்ளையின் சின்ன வயது வீடியோவை ஓட்டுவார்களாம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் தயார் செய்துவிட்டார்கள். நம் பக்கம் என்ன இருக்கிறது என்று செண்பா கேட்டபோது எனக்கு அவளுடைய காதுகுத்துதான் ஞாபகம் வந்தது. எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளையை என் அப்பாவே மடியில் வைத்துக்கொண்டார். சிரித்தார், பாட்டுப் பாடினார், ஆசாரியோடு சண்டை போட்டார். அத்தனையையும் இவர் டேப்பில் எடுத்தார். அடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

அப்பாவின் போட்டோ நாலைந்து இருக்கிறது. குரல் அந்த டேப்பில் மட்டும்தான். பார்த்தால் தாங்காது என்று இத்தனை வருஷம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது வேண்டும். மாமன் சீர்த் தட்டை யார் தூக்குவார்கள் என்று சம்பந்தியம்மா எல்லார் முன்னாலும் கேட்டபோது எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரத்தில் திரையில் அப்பா வந்து பேசட்டும். அதுவே எனக்குப் பிறந்த வீட்டுச் சீர்.

செப்டம்பர் 24, புதன்

கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு கதை விடுகிறார். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் இவர் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், முன்னால் நின்றது இவர், பின்னால் அத்தனையும் நான். பேட்டரி சார்ஜ் போடுவது, டேப் எடுத்துக் கொடுப்பது, மறந்துவிட்டுப் போனதை ஆட்டோவில் கொடுத்தனுப்புவது எல்லாம் என் வேலை. அப்பா லைட் பிடிக்கிறேன் என்ற சாக்கில் கூடவே போய், முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவார். இப்போது வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை. கேமரா பையோடு பீரோவில் கிடக்கிறது.

கேமராவிலேயே ஒரு குட்டித் திரை உண்டு. அது செத்துப் பல வருஷம் ஆகிறது. டேப்பைப் பார்க்க வேண்டுமானால் கேமராவில் போட்டு, ஒயர் வழியாகக் கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

கடையை மூடிவிட்டு என் கண் முன்னாலேயே மாட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினார். பேட்டரியில் வேண்டாம் என்று கரண்டில் போட்டார். எடுக்கிற பக்கம் இருந்த பட்டனை ஓட்டுகிற பக்கம் திருப்பினார். ஒயரை ஒருமுறை மாற்றினார், பிறகு தலைகீழாக மாட்டினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கேமராவுக்குள் டேப் சுற்றுகிற சத்தம் கேட்டது. கம்ப்யூட்டரோ, எதுவும் இணைக்கப்படவில்லை என்று அப்படியே நின்றது.

"பாத்தியா? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்றார்.

பார்த்தேன். நான் பார்த்தது வேறு. எடுக்கவில்லை என்று வந்ததும் இந்த மனுஷன் மூச்சை விட்டார். வேலை நடக்காத ஆள் விடுகிற மூச்சு அல்ல அது. மழை வந்து பரீட்சை நின்றுபோன பையன் விடுகிற மூச்சு.

செப்டம்பர் 29, திங்கள்

செண்பா நல்ல யோசனை சொன்னாள். "எப்பா, திருநவேலில குடுத்தா ஒரே நாள்ல பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துருவாங்க. எதுக்கு இந்தப் பாடு?"

"பழைய டேப்பு. கண்டவன் கையில குடுத்தா அறுத்துப் போட்டுருவான்" என்றார். கை காதுக்குப் போனது.

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது, இப்ப மட்டும் என்ன பாத்துக்கிட்டா இருக்கோம்?" என்று நான் கேட்டேன். ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கப் போய்விட்டார். காலையில்தான் துடைத்திருந்தார்.

அந்த டேப்பில் என் கண்ணில் படக்கூடாதது ஏதோ இருக்கிறது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? வீடியோக்காரன் போகாத ஊர் இல்லை, பார்க்காத பொம்பளை இல்லை. இந்த வயதில் இப்படி யோசிப்பது எனக்கே கேவலமாக இருக்கிறது. ஆனாலும் யோசிக்கிறேன்.

அக்டோபர் 1, புதன், சரஸ்வதி பூஜை

விடிந்ததிலிருந்து வேலை. வீட்டைக் கழுவி, கடையைக் கழுவி, கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மிஷின், தையல் மிஷின், மிக்ஸி, சைக்கிள் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். சந்தனம் கல்லில் நானே உரைத்தது. கடையில் விற்கிற தூளை நான் தொடுவதில்லை.

கேமராவையும் பூஜையில் வைத்தேன். தொழில் விட்டுப் போனாலும் சோறு போட்ட சாமான். ஒரு வருஷம்கூட அதை நான் விட்டதில்லை. முன்பெல்லாம் லென்ஸ் பக்கத்தில் வைத்தால், "அங்க வைக்காத, கறையாயிரும்" என்று இவர் கத்துவார். அதனால் பக்கவாட்டில், மூடி விழுந்துபோன ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறதே, அதில் வைத்துவிடுவேன். சந்தனமும் குங்குமமும் வைப்பதற்கென்றே செய்த மாதிரி அளவாக இருக்கும். இவர் கண்ணிலும் படாது.

சரஸ்வதியிடம் வேண்டிக்கொண்டேன். அப்பா குரல் கிடைக்க வேண்டும், இவர் மறைப்பது எதுவோ அது வெளியே வர வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

போன் வந்தது. கிணற்றடிக்குப் போய் நின்று பேசினார்.

அக்டோபர் 6, திங்கள்

இவர் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்தேன். தப்புதான். அதைப் பற்றி இப்போது கவலைப்பட எனக்கு நேரமில்லை.

பத்து நாளாகப் போன் போயிருப்பது எல்லாம் பெண் பெயர்களுக்கு. பேச்சியம்மாள் கல்லிடைக்குறிச்சி. ஷீலா விக்கிரமசிங்கபுரம். ரோகிணி கடையம். ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப: கோமதி சங்கரன்கோவில். நேற்று மட்டும் மூன்று தடவை.

ஒருத்தி என்றால் ஒரு மாதிரி. இது என்ன, ஊருக்கு ஒருத்தியா?

அக்டோபர் 7, செவ்வாய்

கிணற்றடிப் பேச்சை இன்று பாதி கேட்டேன். துணி காயப்போடுகிற சாக்கில் வாளியோடு நின்றேன்.

"இல்லம்மா, வீட்டுக்குத் தெரிய வேண்டாம். நானே நேர்ல வாரேன். வியாழக்கெழம உங்க வீட்டுக்காரரு இருப்பாரா? ...சரி சரி."

வீட்டுக்காரர் இருப்பாரா என்று விசாரிக்கிறார். செண்பாவிடம் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. கல்யாணப் பெண்ணிடம் போய் இதையா சொல்வது? பத்திரிகை வைக்கப் போகிற வீடுகளை உட்கார்ந்து எழுதினோம். சங்கரன்கோவிலில் நமக்கு யாரும் இல்லையே என்று இவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இல்ல" என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

ஜெராக்ஸ் மிஷினுக்கு மைத்தூள் வாங்கத் தென்காசி போகிறாராம். புதுச் சட்டை எதற்கு? கேட்டேன். "அழுக்குச் சட்டையோடவா போகச் சொல்லுத?" என்றார்.

பொழுது சாயத் திரும்பி வந்தார். மைத்தூள் இல்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. சாப்பிடும்போது ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். நான் எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

ரவிக்கை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேமராவைக் கட்டைப்பையில் போட்டு, மேலே இரண்டு சேலையை வைத்து மூடித் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிவிட்டேன். கேமராப் பையின் உள் ஜிப்பில் ஒரே ஒரு டேப். லேபிள் கிடையாது. பத்திரமாக இருக்கட்டும் என்று பழைய கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அந்த மூட்டையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

செண்பா சொன்ன கடையில் மைதீன் என்று ஒருவர். மாட்டிப் பார்த்தார், அவருடைய கம்ப்யூட்டரும் எடுக்கவில்லை. அப்படியானால் இவர் அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை. இவர் சொன்னதில் ஒன்று நிஜமாகப் போனது எனக்குப் பிடிக்கவேயில்லை.

மைதீன் கேமராவைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒயர் மாட்டுத ஓட்டையே அடைச்சுக் கெடக்கே அக்கா. மேலோட ஏறி நிக்குது, பின்னு ஒண்ணும் உள்ள தொடல. என்னது இது, சந்தனமா?"

"இருக்கும்" என்றேன்.

"வருசக்கணக்கா அடுக்கடுக்கா வச்ச மாதிரில்லா இருக்கு. யாருக்கா வச்சது?"

"வீடுன்னா நாலு பேரு இருப்பாங்க. நீங்க சுத்தம் பண்ணுங்க" என்றேன். சந்தனம் என்ன விஷமா? மூடி விழுந்த இடத்துக்கு ஒரு மூடி வாங்கிப் போடாதது யார் தப்பு?

ஊசியும் பிரஷும் வைத்துச் சுரண்டி எடுத்தார். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் கொட்டியது, வாசனைகூடப் போகவில்லை. ஒயரை மாட்டியதும் கம்ப்யூட்டர் உடனே எடுத்துக்கொண்டது.

டேப் ஓடியது. காதுகுத்து இல்லை. கல்யாணம். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு மாப்பிள்ளை. பின்னால் தெர்மோகோலில் வெட்டி ஒட்டிய பெயர்கள். பாபநாசம் மண்டபம் என்று தூணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். "டேப்பு மாறிட்டோ?" என்றார் மைதீன். ஓட்டச் சொன்னேன். தாலி கட்டினார்கள், மொய் எழுதினார்கள், வரிசையாக நின்று போட்டோ எடுத்தார்கள். கடைசியில் படம் நெளிந்து, கோடு கோடாக ஓடி, வேறொன்று வந்தது.

என் செண்பா. மொட்டைத்தலை, அழுது வீங்கிய முகம். அவள் கன்னத்தைத் துடைக்கிற ஒரு கை. சுண்டுவிரல் பக்கம் வெள்ளி மோதிரம். அப்பா கை. முகம் படத்துக்கு வெளியே இருந்தது. ஏதோ சொல்லிக்கொண்டேதான் துடைக்கிறார், கை அசைவதிலேயே தெரிகிறது. மேளச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அத்தோடு டேப் தீர்ந்துபோனது.

காதுகுத்தின் மேல் இன்னொருவர் கல்யாணத்தை எடுத்து அழித்திருக்கிறார். இதைத்தான் மறைத்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி முறுக்குக் கொடுத்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. தீபாவளி முறுக்குக்கு மாவு அரைத்தேன்.

அக்டோபர் 15, புதன்

இன்னும் இவரிடம் கேட்கவில்லை. கேட்டிருப்பேன். அந்தப் பாபநாசம் கல்யாணம் ஞாபகம் வந்துவிட்டது, அதனால் கேட்கவில்லை.

அப்பா போன மறுவருஷம். மண்டபத்திலிருந்து இவர் போன் செய்தார். "டேப்பு தீந்துட்டு. பீரோல புது டேப்பு இருக்கும், ஆட்டோல குடுத்துவிடு, தாலி கட்டப் போறாவ" என்றார். கொடுத்துவிட்டேன். லேபிள் ஒட்டாத டேப் என்றால் அது புது டேப்தானே? காதுகுத்து எடுத்த டேப்புக்கு லேபிள் ஒட்டாமல் வைத்தது யார்? டேப்பின் முதுகில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டால் மேலே பதிவாகாது என்று மைதீன் சொன்னார். அதைத் தள்ளாமல் விட்டது யார்? அவசரத்தில் எடுத்துக் கொடுத்தவளை மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இவர் சொன்னதும் இல்லை. எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். என் அப்பாவை இவர் மதிக்கவில்லை என்று எத்தனை தடவை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். ஒரு சண்டையில்கூட, டேப் கொடுத்துவிட்டது நீதானே என்று இந்த மனுஷன் வாயைத் திறந்ததில்லை.

ஆனால் கோமதி யார்? அது வேறு கணக்கு. அதை நான் விடப்போவதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

விளக்கேற்றிவிட்டுக் கேமராவுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதே பள்ளத்தில், சந்தனத்தை நன்றாகக் குழைத்து.

அக்டோபர் 18, சனி

காலையில் காப்பி கொடுக்கும்போது செண்பா முன்னாலேயே சொன்னேன். "கேமராவத் திருநவேலிக்குக் கொண்டுபோனேன்."

இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. இத்தனை வருஷத்தில் இவரை இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. பாவமாகப் போய்விட்டது.

"அங்கயும் எடுக்கலியாம். இது ஆவாதுன்னு சொல்லிட்டாரு" என்றேன்.

"அப்பவே சொன்னேம்லா?" என்றார் மெதுவாக. மூச்சு விட்டார். பிறகு என்னையே பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். ஏனென்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், என் கை என் காதில் இருந்தது.

செண்பா உள்ளே போய் அழுதாள். "தாத்தா குரல் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டாள். குரலை எப்படிச் சொல்வது?

அக்டோபர் 23, வியாழன்

இவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். பீரோவைத் திறந்தால் பின்னால் வந்து நிற்கிறார். நான் இவரைப் பார்க்கிறேன். கல்யாண வீடு இப்படியா இருக்கும்?

அக்டோபர் 29, புதன்

பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது. கோமதி சங்கரன்கோவில் இன்றும் போன் செய்தாள். "கட்டாயம் வாங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்கிறார் இவர், என் காது படவே. வரட்டும். வந்தால் மூஞ்சியைப் பார்க்கிறேன்.

நவம்பர் 1, சனி

நேற்று கல்யாணம் முடிந்தது. கால் இரண்டும் கழன்றுவிடும் போல் வலிக்கிறது. எழுதாமல் படுக்க முடியவில்லை.

மாமன் சீர் நேரம். தூக்க ஆளில்லாமல் தட்டோடு நான் நின்றேன். சம்பந்தியம்மா அக்கம்பக்கத்தைப் பார்த்தார். அப்போது இவர் திரைக்காரப் பையனிடம் போய் ஏதோ சொன்னார். திரையில் மாப்பிள்ளையின் சைக்கிள் படம் மறைந்து, ஒரு பந்தி வந்தது. எந்த ஊர்க் கல்யாணமோ. வரிசையாக இலை. மூன்றாவது இலையில் என் அப்பா.

கழுத்தில் துண்டு, வேட்டி மேல் சிந்திய பருப்பு. கேமராவைப் பார்த்ததும் வெட்கப்படாமல் சிரித்தார். அப்புறம் மண்டபம் முழுக்க அப்பா குரல் கேட்டது.

"மாப்ள, பேசாம படம் பிடிக்காதீய, இங்க ரசம் வரல. ஏ தம்பி, ரசத்த இங்கிட்டுக் கொண்டா. என் மவ வைக்குத ரசம் மாதிரி இருக்கான்னு பாப்போம்."

குடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இல்ல" என்றார்.

மண்டபமே சிரித்தது. செண்பா மணவறையில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டே அழுதாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், மூக்கு ஒழுக, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல். இவரே வந்து சீர்த் தட்டைத் தூக்கினார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அழுது முடித்து நிமிர்ந்தால், எதிரே என் வயதை ஒட்டிய ஒரு பெண், பக்கத்தில் அவள் வீட்டுக்காரர். "நான்தான் கோமதி. அது எங்க கல்யாணம். அண்ணாச்சி பழைய கல்யாண வீடு ஒவ்வொண்ணா போன் போட்டுக் கேட்டிருக்காங்க. எல்லா வீட்டு சிடிலயும் பேச்சு மேல பாட்டுப் போட்டு மூடியாச்சாம். எங்க மாமனார் மட்டும்தான் பாட்டு வேண்டாம், அப்படியே குடுங்கன்னு வாங்குனது" என்றாள். அவளை உட்காரவைத்து நானே பரிமாறினேன். இரண்டு முறை ரசம் ஊற்றினேன்.

எல்லாரும் போன பிறகு இவர் வீட்டுப் பந்தலில் நாற்காலியை அடுக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் போனேன்.

"கேமராவுல இருந்து எடுக்க முடியலல்லா, அதான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எது தெரியும் என்று இவர் கேட்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். உட்கார்ந்தேன்.

"ஏங்க, அந்தக் கேமராவுக்கு ஒரு மூடி வாங்கிப் போடுங்க" என்றேன்.

"அதான் எடுக்கலியே. இனிமே மூடி எதுக்கு?"

"போடுங்க" என்றேன். "இல்லன்னா நான் மறுபடியும் பொட்டு வச்சிருவேன்."